மூன்றாவது கை

பால் பூத்துக்கு எதிரே கட்டியிருந்த ஃபிளெக்ஸில் சைமன்ராஜின் மகளுக்கு மூன்று கைகள் இருந்தன. இரண்டு கைகள் கோப்பையைப் பிடித்திருந்தன. மூன்றாவது கை எங்கிருந்தோ வந்து அவளுடைய இடது தோளில் உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு, அதற்கு மேல் கொஞ்சம் முழங்கை, அதற்கப்புறம் ஆள் இல்லை. ஆள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாலிபால் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. கீழே மஞ்சள் எழுத்தில், ‘சென்னை அழைக்கிறது! எங்கள் வட்டத்தின் வீரமங்கை எவாஞ்சலின்!’

நெய்வேலி டவுன்ஷிப்பில் காலையில் பால் வாங்க வருகிறவர்களுக்குப் பேச விஷயம் வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை, கம்பெனி பஸ் நேரம் மாறிவிட்டது என்று எத்தனை நாளைக்குத்தான் பேசுவது. அந்தக் கை வட்டத்துக்கே, அதாவது அந்த பிளாக் முழுவதுக்கும், ஒரு வாரம் தீனி போட்டது. முதலில் வாயைத் திறந்தவர் சைமன்ராஜின் பக்கத்து குவார்ட்டர்ஸ் சோமசுந்தரம். ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டதால் வேலையில் அவருக்கு அக்கறை குறைந்து, அக்கம்பக்கத்தில் கூடியிருந்தது.

“யாரு கை சார் அது?”

“கோச் மேடம் கையா இருக்கும்” என்றார் சைமன்ராஜ்.

“கை நல்லாத்தான் இருக்கு. ஆளைத்தான் காணோம்” என்று சொல்லிவிட்டு சோமசுந்தரம் பால் பாக்கெட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். நாலு எட்டு போனதும் திரும்பி, “மேடம் கறுத்துட்டாங்க போல, வெயில்ல” என்றார்.

அது செவ்வந்தியின் கை என்பது சோமசுந்தரத்துக்கும் தெரியும், பூத்தில் பால் எடுத்துக் கொடுக்கிறவருக்கும் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பெண்கள் இருவரும் ஒரே வலைக்கு இந்தப் பக்கம் நின்று ஆடியவர்கள். எவாஞ்சலின் லிஃப்டர், வருகிற பந்தை விரல் நுனியில் வாங்கி வலையோரம் பதமாகத் தூக்கிக் கொடுப்பவள். செவ்வந்தி அட்டாக்கர், தூக்கிக் கொடுத்ததை எதிராளியின் காலடியில் இறக்குபவள். ஸ்டேடியம் பக்கம் வாக்கிங் போகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். பந்து தரையில் பட்டது மாதிரி இருக்காது, யாரோ கோபத்தில் கதவைச் சாத்தியது மாதிரி இருக்கும்.

செவ்வந்தியின் வீடு டவுன்ஷிப்பில் இல்லை. ஆர்ச் கேட்டைத் தாண்டி, முந்திரித் தோப்பைத் தாண்டி, சுரங்கத்து மண்மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. அவளுடைய அப்பா வைத்திலிங்கம் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற நிலக்கரியை வாரிக் கொட்டுகிற வேலை. சைமன்ராஜ் அதே கன்வேயரில் ஃபோர்மேன், பெர்மனென்ட். ஒரே பெல்ட்டுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் தலைத்துண்டு மட்டும் தெரியும்.

பிராக்டிஸ் முடிந்ததும் சைமன்ராஜ் ஸ்கூட்டரில் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்வார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆர்ச் வந்ததும் வண்டி நிற்கும். “செவ்வந்தி, இங்க இறங்கிக்கறியாம்மா? அங்கிளுக்கு ஷிஃப்ட்டு” என்பார். ஷிஃப்ட் இல்லாத நாளிலும் ஷிஃப்ட் இருந்தது. அந்தப் பெண்ணும் “தேங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு இருட்டப்போகிற ரோட்டில் நடக்கும். எவாஞ்சலின் திரும்பிப் பார்ப்பாள். சைமன்ராஜ் வண்டிக் கண்ணாடியில் பார்ப்பார். கண்ணாடியில் பார்ப்பது பார்த்ததில் சேர்த்தியில்லை என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்து மாநிலப் போட்டியும் முடிந்த கையோடு சென்னையிலிருந்து அந்த போன் வந்தது. பெரிய கல்லூரி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் அவர்கள் பொறுப்பு. பின்னால் ரயில்வே, போலீஸ் என்று வேலைக்குப் போன பெண்கள் அங்கிருந்துதான் போயிருந்தார்கள். அந்தக் கல்லூரியின் கோச் நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

“உங்க பொண்ணு லிஃப்ட்டு சுத்தமா இருக்கு சார். ஆனா ஹைட்டு பத்தாது. தனியா எடுக்கணும்னா மேனேஜ்மென்ட் ஒத்துக்க மாட்டாங்க. அந்த செவ்வந்திப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும். அவளுக்கு இவ கையிலேர்ந்து வந்தாதான் அடி விழுது, பாத்துட்டேன். புது லிஃப்டர் பழகறதுக்குள்ள ஒரு சீசன் போயிடும். அதனால ஜோடியா எடுத்துக்கறேன். அவங்க வீட்டுல நீங்க பேசி அனுப்புங்க.”

“அந்தப் பொண்ணு வரலேன்னா சார்?”

“பாக்கலாம் சார்.”

குவார்ட்டர்ஸ் மாற்றச் சொல்லி எழுதிப்போட்டுக் காத்திருந்த எவருக்கும் அந்தப் ‘பாக்கலாம்’ என்பதன் பொருள் தெரியும். சைமன்ராஜுக்கும் தெரிந்தது. கோச் இன்னொன்றும் சொன்னார்: “அப்புறம் சார், ஸ்போர்ட்ஸ் புள்ளைங்களுக்கு ஹிஸ்டரியோ தமிழோதான் இருக்கு. அந்தப் பொண்ணு மேத்ஸ் வேணும்னு ஏதோ சொல்லுச்சு. அதெல்லாம் சரிப்படாது. காலைல பிராக்டிஸுக்கு யாரு வர்றது? பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க.”

போனை வைத்ததும் அடுக்களையிலிருந்து மனைவி செசிலியா, “என்னங்க சொன்னாங்க?” என்றாள். உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். “சீட்டு குடுத்துட்டாங்க. ஜோடிக்கு ஒரு அட்டாக்கர் வேணுமாம். நம்ம செவ்வந்தியையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க” என்று வந்தது. பெரிய பொய் ஒன்றும் இல்லை. முன்னால் இருந்ததைப் பின்னால் வைத்தார், பின்னால் இருந்ததை முன்னால் வைத்தார், அவ்வளவுதான். ஆனால் செசிலியாவின் கையில் ஒரு சேதி கிடைத்தால் அது சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் செருப்புத் தேடுகிற நேரத்துக்குள், எவாஞ்சலின் சொல்லித்தான் அந்த ஏழைப் பெண்ணுக்கும் சீட் கிடைத்தது என்று ஆகிவிட்டது. “உங்களுக்குப் பெரிய மனசு சார்” என்று ஒரு டீச்சரம்மா சைமன்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு நல்ல பேர் வந்தது.

அந்தச் சூட்டில் அடித்ததுதான் ஃபிளெக்ஸ். போட்டோவில் எவாஞ்சலின் கோப்பையைப் பிடித்திருக்க, செவ்வந்தி அவள் தோளில் கைபோட்டிருக்க, இரண்டு பெண்களும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மந்தாரக்குப்பத்தில் டிசைன் செய்கிறவன், “ரெண்டு பேரையும் வச்சிடட்டுமா சார்?” என்று கேட்டான். சைமன்ராஜ் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “ஒருத்தரே போதும்” என்றார். “கையை எடுத்தா தோள் கெட்டுடும் சார்.” “அது இருந்துட்டுப் போவட்டும்.”

இருந்துவிட்டுத்தான் போனது. ஒரு வாரம் கழித்து, டவுன்ஷிப்புக்குள் அனுமதியில்லாமல் ஃபிளெக்ஸ் வைக்கக் கூடாது என்று ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். விட்டது தொல்லை என்று சைமன்ராஜ் நினைத்தார்.

தொல்லை அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. எவாஞ்சலின் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “செவ்வந்திக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு காலேஜ்ல மேத்ஸ் குடுக்குறாங்களாம்பா” என்றாள்.

“அங்க லிஃப்டர்?”

“அவங்ககிட்டயே இருக்காங்க.”

செசிலியா மோர் எடுத்துவர உள்ளே போயிருந்தாள். அவள் காதில் விழாதபடி சைமன்ராஜ், “நான் போயி அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசறேன்” என்றார்.

“வேணாம்ப்பா. அவளுக்கு மேத்ஸ்னா உசுரு. போவட்டும். நான் விருத்தாசலம் கவர்மென்ட் காலேஜுக்கு அப்ளை பண்ணிக்கறேன்.”

“விருத்தாசலமா? ஊரெல்லாம் சென்னைன்னு சொல்லி வச்சிருக்கு.”

“யாரு சொன்னது?”

மகளின் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அதட்டியிருக்கலாம். “என்னை அவளுக்காகத்தான் கூப்ட்டாங்கன்னு ஸ்டேடியத்துல எல்லாருக்கும் தெரியும்பா. சென்னை கோச்சு அவகிட்டதான் மொதல்ல பேசுனாரு. நீங்க ஃபிளெக்ஸ் வச்ச அன்னிலேர்ந்து நான் கிரவுண்டுக்கே போவல. பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஸ்கூட்டர் ஒரு வாரமாக ஸ்டேடியம் பக்கம் போகவேயில்லை என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெட்ரோல் முள் இறங்காமல் இருந்ததை மட்டும் கவனித்திருந்தார்.

மகள் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிற அப்பாவாக இருந்திருக்கலாம். ஆனால் சோமசுந்தரம் பால் பாக்கெட்டை இடமும் வலமும் மாற்றிக்கொண்டு, “சென்னை கூப்ட்டுச்சே, விருத்தாசலம் எப்ப சார் கூப்ட்டுச்சு?” என்று கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்தது. டீச்சரம்மாவுக்குக் கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்: மகள் ஆடுவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும். அவள் பந்தைத் தூக்கிவிட்டு, அது இறங்குகிற இடத்தைப் பார்க்காமலேயே திரும்புவாளே, அந்தத் திரும்பலுக்காக நைட் ஷிஃப்ட் முடித்து வந்தும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். விருத்தாசலம் போனால் அது நின்றுபோகும். வைத்திலிங்கத்திடம் எதற்காகப் போகிறீர்கள் என்று அவரைக் கேட்டால் இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் சொல்லுவார். மற்றதெல்லாம் நமக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம், வடலூரில் ஸ்கூட்டருக்கு டயர் பார்க்கப் போவதாக செசிலியாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழியில் ஆப்பிள் வாங்கிக்கொண்டார். வானம் மூடிக்கொண்டு வந்தது. ஆர்ச்சைத் தாண்டியதும் இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று ரோடு போய்க்கொண்டே இருந்தது. தார் முடிந்து செம்மண் வந்தது. லைட் கம்பம் இல்லை. முந்திரித் தோப்புக்குள்ளிருந்து இரண்டு நாய்கள் வந்து ஸ்கூட்டர் பக்கத்திலேயே குரைத்துக்கொண்டு ஓடின. காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்தத் தூரம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. நினைக்கவில்லை என்பதும் சரியில்லை, கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண்ணே சொல்லியிருக்கும்.

வைத்திலிங்கம் லுங்கியோடு உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தவர், ஆளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடி ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பித்தான் மாறிப் போயிருந்தது.

“சார்! ஒரு வார்த்த சொல்லியனுப்பியிருந்தா நானே வூட்டாண்ட வந்திருப்பேனே சார். வாங்க, வாங்க. ஏய், சார் வந்துகிறாரு பாரு.”

வீட்டை ஒட்டி முன்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். அதன் கீழ் ஒரு கயிற்றுக் கட்டில். சைமன்ராஜை அதில் உட்கார வைத்தார்கள். வைத்திலிங்கத்தின் மனைவி செங்கமலம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்வதாகத்தான் வண்டியில் வரும்போது நினைத்திருந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கி அண்ணாந்து குடித்தார்.

அண்ணாந்தபோதுதான் பார்த்தார். தலைக்கு மேலே அவருடைய மகள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாய்ப்புக்குக் கூரையாகப் போட்டிருந்தது அந்த ஃபிளெக்ஸ். சென்னை இங்கேயும் அழைத்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு நேர்மேலே, எட்டிப் பிடிக்கிற உயரத்தில், அந்தக் கை.

தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடிக்கும்வரை செங்கமலம் பதறிப்போய் நின்றாள்.

“போன மழைக்கு இங்க ஒரே ஒழுவலு சார்” என்றார் வைத்திலிங்கம். “கழட்டிகினு போன பசங்க நம்ம ஆளுங்கதான். கேட்டதும் குடுத்தானுங்க. உங்க பாப்பா படம் நனையக்கூடாதுன்னு உள்பக்கமா வச்சி போட்டேன்.”

“செவ்வந்தி படமும் இருக்குதில்ல, அதுக்கோசரந்தான் கேட்டு வாங்கியாந்தாரு” என்றாள் செங்கமலம்.

“செவ்வந்தி படமா?”

“தோ, கை இருக்குது பாருங்க. மாரியாத்தா கோயில்ல நான் கட்டிவுட்ட கயிறு. ஆளுக்கு எடம் பத்தலயாமே சார். பாப்பாதான் வந்து சொல்லிச்சு. சொல்லிட்டு அப்பிடி அழுவுது. எதுக்கு கண்ணு அழுவுற, கை இருந்தாப் போதாதா, அதாலதானே அடிக்கிறான்னு சொன்னேன்.”

அவள் குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் ரோஷப்பட்டு எழுந்து போயிருக்கலாம். எவாஞ்சலின் இங்கே வந்திருக்கிறாள். அந்த நாய்களைத் தாண்டி, அந்தச் செம்மண்ணில் நடந்து. அப்பாவைக் காப்பாற்ற, இடம் பத்தவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். வீட்டில் பொய் சொல்கிற ஆள் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வந்தி உள்ளிருந்து வந்து வாசல்படியில் நின்றாள். குனிந்துதான் வர வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு அவள் உயரம் அதிகம். “வாங்க அங்கிள். எவா வரலியா?”

“இல்லம்மா. அவளுக்கு... தலைவலி.”

“நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு சார்” என்று வைத்திலிங்கம் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அங்கே நாற்காலி எதுவும் இல்லை. “நாங்களே உங்களாண்ட வரணும்னு பேசிகினு இருந்தோம். ரெண்டு காலேஜுல கூப்புடுறான். ஒண்ணு ஈரோடு, ஒண்ணு மெட்ராஸு. எங்களுக்கு இன்னா தெரியும்? நான் ரயிலேறிகூட அந்தப் பக்கம் போனதில்ல. இதுங்க ரெண்டும் ஒண்ணா வெளையாண்டுச்சுங்க. நீங்கதான் நெதமும் வண்டில கொண்டாந்து வுட்டீங்க. அந்த நன்றிய மறக்க முடியுமா? சார் எந்த காலேஜுன்னு சொல்றீங்களோ, கண்ண மூடிகினு சேத்துடறேன். இந்த ரெண்டு நாளா அதத்தான் சொல்லிகினு இருக்கேன், சார் சொல்லட்டும்னு.”

கொண்டுவந்து விட்டது எதுவரை என்பதை செவ்வந்தி வீட்டில் சொன்னதே இல்லை போலிருக்கிறது. சைமன்ராஜ் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

கெஞ்சுவதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா பாதுகாப்பு, சென்னைன்னா சீக்கிரம் வேலை, இப்படி. ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. கேட்க வந்ததைக் கேட்காமலேயே கையில் வைத்துவிட்டார்கள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

“அங்கிள்” என்றாள் செவ்வந்தி. “சென்னைல மேத்ஸ் குடுப்பாங்களா? கோச் சார்கிட்ட கேட்டேன். ‘எவாஞ்சலின் அப்பாகிட்ட சொல்லியிருக்கேன், அவரு சொல்லுவாரு’ன்னாரு.”

காற்று முதலில் வந்தது. மண்மேட்டுப் பக்கமிருந்து கரியும் புழுதியுமாக வந்து சாய்ப்பை ஒரு தூக்குத் தூக்கியது. ஓரத்தில் கட்டியிருந்த, ஃபிளெக்ஸோடு சேர்ந்தே வந்த கயிறு அறுந்து, ஃபிளெக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டது. எவாஞ்சலின் முகம் சுருங்கி விரிந்தது. “புடி, புடி” என்று வைத்திலிங்கம் எழுவதற்குள் செவ்வந்தி ஓடிவந்து, சைமன்ராஜ் உட்கார்ந்திருந்த கட்டில் பக்கத்தில் நின்று, வலையோரம் எம்புகிற மாதிரி ஒரு எம்பு எம்பி இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் அவளுடைய கைக்குப் பக்கத்தில் அவளுடைய கை. படத்தில் கயிறு சிவப்பாக இருந்தது. நிஜக்கயிறு வெளுத்துப் போயிருந்தது. மழை விழ ஆரம்பித்தது.

“கேட்டா குடுப்பாங்கம்மா” என்றார் சைமன்ராஜ். மழைச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. “பேசிக்கலாம். சென்னையே... சென்னையே நல்லது.”

“அப்பறம் இன்னா, முடிஞ்சுதுல்ல” என்று வைத்திலிங்கம் சிரித்தார்.

செவ்வந்தி திரும்பவில்லை. கையை இறக்கவுமில்லை. “சரிங்க அங்கிள்” என்றாள், ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டே.

மழை விட்டதும் புறப்பட்டார். வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம் என்று வைத்திலிங்கம் ஒரு பலாப்பழத்தை ஸ்கூட்டரின் கால்மாட்டில் தூக்கி வைத்து, அறுந்த அதே கயிற்றால் கட்டினார். “பாப்பாகிட்ட சொல்லிடுங்க சார். சந்தோசப்படும்.” ஆப்பிள் பை மடியிலேயே இருந்து, எழுந்தபோது கட்டிலில் தங்கிவிட்டது. கொடுத்ததாகவும் இல்லை, மறந்ததாகவும் இல்லை.

சேற்றில் வண்டி வழுக்கி வழுக்கி வந்தது. நாய்கள் இந்தத் தடவை குரைக்கவில்லை, எங்கோ ஒண்டிக்கொண்டிருந்தன. பழுத்த பலாவின் வாசனை முழங்கால் வழியாக ஏறி முகத்துக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் டயர் வாங்கப் போனவருக்குப் பலாப்பழம் எப்படி வந்தது என்று செசிலியா கேட்பாள். அதற்கு ஒரு பதில் கண்டுபிடிக்கலாம். எவாஞ்சலின் கேட்க மாட்டாள். கயிற்றைப் பார்ப்பாள், அவர் எங்கே போய்வந்தார் என்று தெரிந்துகொள்வாள்.

ஆர்ச் வந்தது. அவர் ஒன்றும் நினைக்கவில்லை, கை தானாக பிரேக்கைப் பிடித்தது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம், வண்டி அந்த இடத்தில் நின்றுதான் பழகியிருக்கிறது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பின்சீட்டு லேசாவதற்காகக் காத்திருந்தார். இறங்குவதற்குப் பின்னால் யாரும் இல்லை.

கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. வட்டத்துக்குத் திரும்புவதற்காகப் போட்ட இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் வண்டியைத் திருப்பவில்லை. வண்டிக் கண்ணாடியில் மழைத்துளி மூடியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தார். தோப்பும் செம்மண் ரோடும் கொஞ்சம் தெரிந்து, மறுபடி மங்கின. மறுபடி துடைத்தார்.